மலையகத் தோட்டங்களில் நோயாளர் பராமரிப்பு: தாமாக உண்ண இயலாதோரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மஸ்கெலியா ஓயாவின் நீரை லக்சபானத் தேக்கத்திலிருந்து பெற்று இயங்கும் பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கியது. அன்று 75 மெகாவாற் வலுவுடையதாயிருந்த இந்நிலையம் நாட்டின் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் மின்னொளி வழங்கியது. ஆயின் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளின் லயக் காம்பராக்களிலோ அதன்பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. மலையக வரலாற்றில் இம்முரண்பாடு பலராலும் எடுத்துக்காட்டப்பட்ட ஒன்றாகும். இதனை ஒத்த வேறொரு முரண்பாடு மருத்துவத் துறையிலும் உண்டு. இலங்கையிலே சட்டத்தின் மூலம் மருத்துவ வசதி விதிக்கப்பட்ட முதற் தொழிலாளர் கூட்டத்தினருள் தோட்டத் தொழிலாளர் அடங்குவர். அவ்வாறிருந்தும், படுக்கையிற் கிடக்கும் நோயாளியைப் பேணும் பணி, அதாவது தாதிமை, அவர்களிடையே வேரூன்றவில்லை. இதற்கான காரணங்களை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயாளர் யாவருள்ளும் பிறர் கையை முற்றாகச் சார்ந்திருப்போர் மூவகையினர். குழாய் வழியாக உணவு பெறுவோர் ஒரு வகையினர்; நாளத்தின் வழியாக நீர்மமோ ஊட்டமோ பெறுவோர் இன்னொரு வகையினர்; நிர்ப்பீடனம் குன்றியமையால் அற்பக் கிருமியாலும் மடியக்கூடியோர் மற்றொரு வகையினர். இவர்களுக்கு மருந்தெழுதும் வைத்தியர் ஒருமுறை வந்து போதல் போதாது; மணிக்கணக்காக அருகிருக்கும் பயிற்சி பெற்ற கை வேண்டும். ஆகவே ஒரு சமூகத்தின் மருத்துவ ஏற்பாடு எத்தகையது என்பதை அறிய இவர்களின் நிலையையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

2. பாதையோரத்து நோயாளி

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், பட்டினி என்பன அப்பாதையில் அவர்களைப் பலிகொண்டன. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டதாக அக்காலப் பத்திரிகை மதிப்பீடொன்று கூறியது. பிற்கால ஆய்வாளர் சிலர் இக்கணக்கை ஐயுற்றுள்ளனராயினும், மரணம் பெருவாரியாக நிகழ்ந்தமையை எவரும் மறுத்திலர். நடக்க இயலாதவரைக் கூட்டத்தார் பாதையோரத்தில் விட்டுச் செல்ல நேர்ந்தது. உடன்வந்த உறவினரும் கங்காணியின் கடனுக்குட்பட்டு, குறித்த காலத்தில் தோட்டத்தை அடைய வேண்டியவராயிருந்தனர்.

வாந்திபேதியில் உயிர் போவது உடலின் நீரும் உப்பும் இழக்கப்படுவதாலேயே என்பது அக்காலத்தில் அறியப்படாததன்று. 1832இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லற்றா என்ற வைத்தியர், சாகும் தறுவாயிலிருந்த முதிய பெண்ணொருத்தியின் நாளத்தினுள் உப்புநீரைச் செலுத்தினார். குளிர்ந்திருந்த உடல் சூடேறியது. முகத்தில் உயிர்க்களை திரும்பியது. அபாயம் நீங்கியதென்று எண்ணி அவர் நோயாளியை மருத்துவமனை அறுவை வைத்தியரின் பொறுப்பில் விட்டு அகன்றார். பேதி மீண்டும் தொடங்கியது. நீர்மம் மீண்டும் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் அப்பெண் இறந்தாள். நாளவழி நீர்மச் சிகிச்சையின் வரலாறு வெற்றியோடும் தோல்வியோடும் ஒருங்கே தொடங்கியதென்பது இதனாற் புலனாகும். தோல்விக்குக் காரணம் முறையின் குறை மட்டுமன்று. தொடர்ந்த கவனிப்பு இல்லாமையுமாகும்.

குழாய்வழி ஊட்டலின் வரலாறும் இதையே உணர்த்துகின்றது. 1790இல் லண்டனில் ஜோன் ஹன்ரர், விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்கு, விலாங்குமீனின் தோலாற் செய்த குழாய் மூலம் முட்டை, பால் முதலியவற்றை இரைப்பைக்குட் செலுத்தி, நோயாளி மீண்டும் தாமே விழுங்கும்வரை உயிர்காத்தார். அக்குழாயை விட, நாள்தோறும் தவறாது உணவு கலந்து ஊட்டிய உழைப்பே அந்நோயாளியைப் பிழைக்கச் செய்ததெனல் பொருந்தும். நோயாளிக்கு உணவூட்டுதல் ஒரு தனிக்கலை என்பதைப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதிமைக் குறிப்புகள் நூலில் அதற்கெனத் தனிப் பகுதிகளை ஒதுக்கி வலியுறுத்தினார்.

3. சட்டங்கள் கண்ட உடலும் காணாத உடலும்

தோட்டத்துறையின் மருத்துவச் சட்டங்கள் 1872இல் தொடங்குகின்றன. அவ்வாண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், கோப்பி மாவட்டங்களில் மருத்துவ அலுவலரையும் வைத்தியசாலைகளையும் ஏற்படுத்த வழிசெய்தது. இதற்கான செலவில் ஒரு பகுதி தோட்டங்களிடமிருந்து அறவிடப்பட்டது. 1880களில் இவ்வேற்பாடு பலமுறை திருத்தப்பட்டது. இறுதியில் 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 10ஆம் இலக்கத் தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. தாமே மருந்தகமோ வைத்தியசாலையோ நடத்திய தோட்டங்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. தோட்டத்து ஆஸ்பத்திரியும், மருந்தகரும், மருத்துவிச்சியும் அமைந்த ஒழுங்கு இவ்வாறே உருவாயிற்று.

இச்சட்டங்களை நுணுகி நோக்குமிடத்து, அவை எத்தகைய உடலைக் கருத்திற்கொண்டன என்பது தெளிவாகும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் வழங்குமாறு 1912ஆம் ஆண்டுச் சட்டம் துரையைப் பணித்தது. 1939இல் வந்த மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இதனை மேலும் விரிவாக்கியது. தொற்றுநோய் கண்டவரை வேறுபடுத்தவும், லயங்களைத் துப்புரவாக வைக்கவும் விதிகள் எழுந்தன. இவை யாவும் பயனுள்ளவையே. ஆயினும் இவற்றின் மையம் உற்பத்தியேயாகும். இன்று வேலை செய்யும் உடல், விரைவில் வேலைக்குத் திரும்பக்கூடிய உடல், நாளைய தொழிலாளியைப் பெற்றெடுக்கும் உடல் ஆகிய மூன்றையும் சட்டம் கண்டது. பக்கவாதத்தால் விழுந்தவரையும், தொண்டை அடைத்தவரையும், மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடப்பவரையும் அது காணவில்லை. எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு வரி, எத்தனை படுக்கை, எவ்வளவு மருந்து என்பன கணக்கிடப்பட்டன. எத்தனை நோயாளிக்கு எத்தனை தாதியர் என்ற வினா தோட்ட ஆஸ்பத்திரியின் வாசலுக்கு வரவேயில்லை. மருந்தகர் ஒருவர், மருத்துவிச்சி ஒருவர், ஓர் ஆயா அல்லது அட்டெண்டர் என்ற அளவில் அதன் ஆளணி நின்றது. ஊட்டுதல், துடைத்தல், புரட்டுதல், இரவில் விழித்திருத்தல் யாவும் உறவினர் தலையில், பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுந்தன.

அப்பெண்களோ கொழுந்து பறிப்போர். பெரட்டுக்களத்துக்குப் போகாத நாளில் செக்ரோலில் பெயர் விழாது. இடையில் திரும்பினால் அரைப்பேர் மட்டுமே. ஆகவே நோயாளியைப் பேணுவதன் விலை, பேணுபவளின் நாட்கூலியிலிருந்தே கழிக்கப்பட்டது. துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டபோதிலும், நோயினால் வரும் கடன் வேறு வழிகளில் நீடித்தது.

4. கொளுக்கிப்புழு இயக்கம் தந்த பாடம்

1916இல் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. இப்புழு குடற்சுவரிலிருந்து குருதியை உறிஞ்சிக் குருதிச்சோகையை உண்டாக்குவது. சோகையுற்ற உடலோ ஏனைய நோய்களுக்கு எளிதில் இரையாவது. பெருந்தொகையான தொழிலாளர் வரிசையில் நிறுத்தப்பட்டு, கீனப்போடிய எண்ணெய் முதலிய கடும் மருந்துகளும் பேதி மருந்தும் கொடுக்கப்பட்டனர். சிகிச்சைக்காக வேலைநாட்கள் இழக்கப்படுவதைத் தோட்டத்துரைமார் விரும்பவில்லை. மலகூடங்கள் கட்டும் செலவை ஏற்கவும் அவர்கள் தயங்கினர். இதன் விளைவாக, மருந்தினாற் புழு நீங்கியோர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து, மீண்டும் தொற்றுண்டனர்.

இவ்வியக்கத்தின் வரலாறு நமது பொருளுக்கு இருவகையில் முக்கியமானது. முதலாவதாக, நோயாளியைப் பராமரிப்பின்றி மருந்தால் மட்டும் அணுகுவதன் எல்லையை இது காட்டிற்று. இரண்டாவதாக, நிர்ப்பீடனக் குறைவு என்பது அண்மைக்காலப் புதுநோய்களுக்கு மாத்திரம் உரியதன்று என்பதை உணர்த்திற்று. உணவுக்குறையும் தொற்றும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதை ஸ்கிரிம்ஷோ, ரெயிலர், கோர்டன் ஆகியோர் 1968இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலிலே விரிவாக நிறுவினர். அந்நூல் விளக்கிய நச்சுவட்டத்துக்குள்ளேயே மலையகத்தின் பல தலைமுறைகள் வாழ்ந்து மடிந்திருந்தன.

5. தாதியர் உருவாகாமை

மருத்துவ அறிவைத் தமிழிற் புகட்டுதல் இயலாதென்ற வாதம் இந்நாட்டில் எடுபடாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவங் கற்பித்தார். அவர் முயற்சியால் இரண வைத்தியம் 1867இலும் கெமிஸ்தம் 1875இலும் நூலுருப் பெற்றன. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு 1946இல் பட்டப்படிப்பும் வந்தது. தோட்டத் தொழிலாளரின் பூர்வீக ஊர்கள் பல அமைந்திருந்த வட ஆர்க்காட்டுப் பகுதியிலேயே இது நிகழ்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. மலையகத்துக்கோ கிறீனின் தமிழ்மருத்துவ மரபு வந்து சேரவில்லை. வடக்கிலேயே அது அவருக்குப்பின் நீடிக்காமற் போயிற்று.

எனினும் மொழியைவிடப் பெருந்தடை வேறொன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அரச தாதியர் சேவை குடியுரிமை உடையோருக்கே உரியது. தோட்டப் பாடசாலைகளோ ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. தாதியர் பயிற்சிக்கு வேண்டிய கல்வித்தகைமை எட்டாக்கனியாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. நாடற்றோர் பிரச்சினை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களாலேயே படிப்படியாக முடிவுக்கு வந்தது. ஆக, அரை நூற்றாண்டுக்கு மேலாக இச்சமூகத்தின் பெண்கள் தம் நோயாளரைப் பேணியும், தாதியென்ற பெயரையும் பயிற்சியையும் ஊதியத்தையும் பெற இயலாதிருந்தனர். தோட்டத்தில் தாதியர் இல்லாமை தற்செயலன்று. அரசியல் அதனை உருவாக்கியது.

6. பஞ்சமும் தேசியமயமும்

1972, 1975 ஆண்டுகளின் காணிச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் உடைமை மாறியதோடு ஆஸ்பத்திரிகள் தேசியச் சுகாதார சேவையுள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை. அவை தோட்ட நிருவாகத்தின் கீழேயே நின்றன. இக்காலத்திலேயே, 1973–74இல், உலக உணவு நெருக்கடியும் பங்கீட்டு வெட்டும் சேர்ந்து மலையகத்தைப் பஞ்சத்தில் ஆழ்த்தின. கோதுமை மாவையே பெரிதும் நம்பியிருந்த தொழிலாளரிடையே இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. பட்டினியால் நேரே இறந்தோரிலும், பட்டினியால் எதிர்ப்புச் சக்தி குன்றி வயிற்றோட்டத்துக்கும் சுவாச நோய்க்கும் இரையான குழந்தைகளும் முதியோரும் பலராவர்.

அதே ஆண்டுகளில் உலக மருத்துவம் இரு திசைகளில் முன்னேறிக்கொண்டிருந்தமை ஈண்டு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. 1968 அளவில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்ரான்லி டட்ரிக் குழுவினர், குடல் பயன்படாத குழந்தையையும் நாளவழி முழு ஊட்டத்தால் வளர்க்கலாமென நிறுவினர். இது மாபெரும் சாதனையே. ஆயின் கிருமியற்ற கலவையும், ஆய்வுகூடமும், இரவும் பகலும் கவனிக்கும் தாதியரும் இன்றி இது நோயாளிக்கு ஆபத்தாகவே முடியும். மறுபுறம், 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பங்கான் முகாமில் வாந்திபேதி பரவி, நாளவழி நீர்மம் தீரும் நிலை ஏற்பட்டபோது, திலீப் மகலனாபிஸ் உப்பும் சீனியும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். அதனை ஊட்டியோர் பெரும்பாலும் நோயாளரின் தாயரும் உறவினருமே. இறப்பு வீதம் பெருமளவு வீழ்ந்தது. அந்நீர்மமே பின்னர் இலங்கையில் ‘ஜீவனி’ என்ற பெயரில் வீடுதோறும் சென்றது. சாதாரண மக்களுக்கு அவர்கள் மொழியில், அவர்கள் கைக்கெட்டும் பொருளைக் கொண்டு கற்பித்தால், அவர்கள் தாதியருக்கு ஒப்பான பணியைச் செய்வர் என்பதை இந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

7. இன்றைய வினா

1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1990கள் தொட்டு தோட்ட ஆஸ்பத்திரிகளுட் சில அரசுக்கு மாற்றப்பட்டன. ஏனையவற்றுட் பல தேய்ந்து மருந்தகங்களாகச் சுருங்கின. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 படுக்கைகளோடு அமைக்கப்பட்ட ஆதார வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதம் திறந்துவைக்கப்பட்டமை வரவேற்கத்தக்க மாற்றமாகும். எனினும் நோயின் இயல்பே மாறிவிட்டது. வாந்திபேதியும் பெரியம்மையும் அகன்ற இடத்தில் நீரிழிவு, பக்கவாதம், புற்றுநோய் என்பன வந்துள்ளன.

இவற்றுள் வாய்ப்புற்றுநோய் மலையகத்தோடு தனித் தொடர்புடையது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த தாம்பூலம், குளிரையும் பசியையும் மறந்து மலையேறும் தொழிலாளியின் நித்திய துணை. அதுவே வாய்ப்புற்றுநோயின் தலையாய காரணியாகவும் அமைந்துள்ளது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவேயாகும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாயால் உண்ண இயலாதவருக்கு மூக்குவழிக் குழாய் இடப்படுகின்றது. கதிர்ச் சிகிச்சையும் புற்றுநோய் மருந்துகளும் உடலின் வெண்குருதிக் கலங்களைக் குறைத்து நிர்ப்பீடனத்தைத் தளர்த்துகின்றன. ஆகவே முன்னுரையிற் கூறிய மூவகை நோயாளரும் ஒரே ஆளிற் சேர்ந்து, கண்டியிலிருந்தோ மகரகமையிலிருந்தோ ஒருநாள் லயத்துக்குத் திரும்பி வருகின்றனர்.

அவ்வாறு வருபவருக்கு வேண்டிய பராமரிப்பு யாது? ஊட்டும்போதும், அதன்பின் அரைமணி நேரத்துக்குக் குறையாமலும், தலைப்பக்கம் உயர்ந்திருத்தல் வேண்டும். படுத்தவாறு ஊட்டின் உணவு நுரையீரலுட் புகும். ஒவ்வொரு முறையும் ஊட்டுமுன் குழாய் இடம்பெயரவில்லை என்பதை, மூக்கருகே இட்ட அடையாளத்தாலும் வைத்தியசாலையிற் கற்பித்த வேறு முறையாலும் உறுதிசெய்தல் வேண்டும். வடிகட்டிய நீர்த்த உணவை மெதுவாகச் செலுத்தி, முன்னும் பின்னும் கொதித்தாறிய நீரால் குழாயைக் கழுவுதல் வேண்டும். இருமலோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நிறுத்துதல் வேண்டும். வாயால் உண்ணாதவருக்கும் வாய்த்துப்புரவு இன்றியமையாதது. சோற்றுக்கஞ்சி மட்டும் ஊட்டின் வயிறு நிறையும், உடல் தேறாது. பருப்பு, பால், முட்டை, எண்ணெய் என்பன அளவறிந்து சேர்தல் வேண்டும். நாளவழி நீர்மம் பெறுபவர் வைத்தியசாலையிலேயே இருப்பார். அங்கும் ஊசியிட்ட இடம் சிவத்தல், வீங்குதல், நீர்மம் ஓடும் வேகம் என்பவற்றைக் கண்காணிக்கும் கண் வேண்டும். நிர்ப்பீடனம் குன்றியவருக்குக் காய்ச்சல் கண்டால் அது சாதாரணக் காய்ச்சலன்று; விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் கை கழுவுதல் வேண்டும்.

இனி இவ்விதிகளை லயத்தில் வைத்து நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவிலே ஒரு குடும்பமே உறங்கும். விறகடுப்புப் புகை அங்கேயே சூழும். நீர்க்குழாயோ பல வீட்டாருக்குப் பொது. நோயாளியைத் தனியே வைக்க இடமில்லை. நள்ளிரவிற் காய்ச்சல் கண்டால் மலைப்பாதை வழியே கினிகத்தேனைக்கோ, நாவலப்பிட்டிக்கோ, டிக்கோயாவுக்கோ செல்ல வாகனம் தேட வேண்டும். வைத்தியசாலை தரும் நோய்க்குறிப்பு அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். வாய்மொழி அறிவுரை பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்றென்பது உண்மை. ஆனால் குழாயைக் கழுவும் விதத்தை அத்தாய்க்கு அத்தமிழிற் சொல்பவர் எல்லா விடுதிகளிலும் இல்லை. காலையில் மகள் கொழுந்துக்குப் போனபின், குழாயில் உணவு செலுத்தும் கை பத்து வயதுப் பேத்தியின் கையாகவும் இருக்கலாம்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். தோட்ட மருத்துவ ஏற்பாடு, உழைப்புக்குத் திரும்பக்கூடிய உடலை மையமாகக் கொண்டு பிறந்தது. ஆகவே பிறரைச் சார்ந்து வாழும் நோயாளி அதன் எல்லைக்கு வெளியே நின்றார். அவரைப் பேணும் உழைப்பு, கூலியற்ற பெண்ணுழைப்பாக லயத்துக்குட் தள்ளப்பட்டது. அவ்வுழைப்பைத் தொழிலாகவும் அறிவாகவும் உயர்த்தும் வழியைக் குடியுரிமை மறுப்பும் கல்வி மறுப்பும் அடைத்தன.

தீர்வும் இவ்வரலாற்றிலேயே உண்டு. இலங்கையிற் சாதாரண சுகாதார ஊழியருக்குப் பயிற்சியளித்து வாய்ப்புற்றுநோயின் முன்னறிகுறிகளைக் கண்டறியச் செய்யலாம் என்பதை 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. நோயைக் காணப் பயிற்றலாமெனின், நோயாளியைப் பேணவும் பயிற்றலாம். தோட்டத்து இளம்பெண்களிலிருந்து தெரிந்தெடுத்து, அரச ஊதியத்தோடு வீட்டுப் பராமரிப்புத் தாதியராகப் பயிற்றுதல். எஞ்சிய தோட்ட ஆஸ்பத்திரிகளை ஆளணியோடு அரசு பொறுப்பேற்றல். வைத்தியசாலையிலிருந்து குழாயுடன் அனுப்பப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் மலையகத் தமிழ்ப் பேச்சுக்கு இசைந்த செய்முறைக் கையேடு வழங்குதல். நோயாளியோடு தங்கும் குடும்பத்தவருக்கு அந்நாட்களுக்குச் செக்ரோலிற் பெயரிடுதல் என்பன உடனடிக் கோரிக்கைகளாக முன்வைக்கப்படலாம். இவற்றுள் இறுதியானதைத் தொழிற்சங்கங்கள் தமது சம்பளக் கோரிக்கையின் பகுதியாகவே எழுப்புதல் வேண்டும். கையேட்டுப் பணியில் மருத்துவம் பயிலும் தமிழ் மாணவரும் தமிழ்ச் சங்கங்களும் இணைந்து ஈடுபடலாம். கிறீன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இயன்ற அப்பணி இன்று பொல்பிட்டியவுக்கு இயலாததன்று.